நாய்க்கும் ஒரு ‘நீங்கள்’

பெண்கள் கால்பந்து ஆட்டத்தில் ஒரு செம்மறிக் கிடா. மறு வருஷம் அதே ஆட்டத்தில் இன்னொரு கிடா, முந்தியதைவிடக் கொஞ்சம் இளைத்தது. மூடியோடு இரண்டு பிளாஸ்டிக் வாளி. சந்தையில் காற்று அடிக்காத மூலை. ஆட்டுக்குட்டியோடு ஏறினாலும் மினிபஸ்ஸுக்கு உள்ளே உட்காரும் உரிமை, கூரைமேல் அல்ல. கடைசியாக, ஆண்கள் ஆட்டத்தில் விசில் ஊதும் வேலை. பசிலியா சம்பி வென்றவை இவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டபடியே, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இதைச் சொல்வது அவளுடைய அண்ணன் இலாரியோவின் வழக்கம். கிடாவுக்கு முன்னால் யாராவது வாளியைச் சொல்லிவிட்டால் கோட்டை நிறுத்திவிட்டுத் திருத்துவான். இலாரியோ கொத்தனார். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. நூல் பிடிக்காமல் ஒரு செங்கல் வைத்ததில்லை, ஒரு கோடு இழுத்ததில்லை. மாயுபம்பாவின் மைதானம் ஆற்றுப் பக்கமாகச் சரிந்து கிடப்பதை மட்டும் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த வருத்தம் அவனுக்கு இன்னும் உண்டு.

அவன் கோடு போட்டு முடிப்பதற்குள் பசிலியா வந்துவிடுவாள். கையில் தக்ளி சுழன்றுகொண்டிருக்கும். நூற்காமல் நடந்தால் நடை வீண் என்பது அவள் கட்சி. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று பாவாடை, அதற்குக் கீழே ஆணி வைத்த பூட்ஸ். தலையில் கறுப்புத் தொப்பி. மற்றப் பெண்கள் பூ செருகுகிற தொப்பிப் பட்டையில் இவள் இரண்டு அட்டைகளைச் செருகியிருப்பாள். இடப்பக்கம் மஞ்சள், வலப்பக்கம் சிவப்பு. பாவாடைப் பையில் வைக்கக்கூடாதா என்று கேட்டால், “அங்க மெல்லுற கோகா இலை இருக்கு. அட்டை அழுக்காயிடும்” என்பாள். ஆகவே அட்டை காட்டத் தொப்பிக்குக் கை போக வேண்டும். ஆட்டத்தின் நடுவே அவள் கை தலைக்குப் போனாலே இரண்டு பக்க ஆட்களும் நாலடி பின்னால் நகர்வார்கள்.

“சொறியத்தாண்டா தூக்குனேன்,” என்பாள். “ஆடுங்க, ஆடுங்க.”

முதியோர் ஆட்டத்தில் இலாரியோவே தடுப்பு வரிசையில் நின்று, யாருடைய சட்டையையோ பிடித்து இழுத்திருக்கிறான். தொப்பியின் இடப்பக்கத்துக்குக் கை போனது. “கூடப் பொறந்தவனுக்கேவா?” என்றான். “கூடப் பொறந்தவன் சட்டைய இழுத்தா கிழியாதா?” என்றாள். அந்த மஞ்சள் அட்டையையும் அவன் பெருமையாகத்தான் சொல்வான்.

மலைமேல் ஊர்களில் அவளுடைய விசிலுக்கு மறுபேச்சு இல்லை. அங்கே மலைக்காரர்களின் தாய்மொழியான கெச்சுவாவில் அதட்டுவாள், கெச்சுவாவில் கேலி செய்வாள். சிக்கல் கீழே, மாயுபம்பாவில். இங்கே ஆட்டம் ஸ்பானிஷில் நடக்கும். பசிலியாவுக்கு ஸ்பானிஷ் தெரியாமல் இல்லை. பன்னிரண்டு வயதில் கூஸ்கோ நகரத்து வீடொன்றுக்கு வேலைக்குப் போனவள், இருபது வயது வரை அங்கே இருந்தாள். அந்த வீட்டு அம்மாளின் வாயிலிருந்து கிடைத்ததுதான் அவளுடைய ஸ்பானிஷ். நீ இதைக் கழுவு, நீ அதைக் கொண்டுவா, நீ தொடாதே, நீ வாயை மூடு. வேலைக்காரப் பெண்ணிடம் ‘உஸ்தெத்’ என்று, அதாவது நீங்கள் என்று, யார் பேசப் போகிறார்கள்? அவள் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது ‘சரிங்கம்மா’ ஒன்றுதான்.

அதனால் ஊர் திரும்பியபோது அவளிடம் இருந்தது வெறும் ‘தூ’, வெறும் நீ. பாதிரியாருக்கும் நீ. வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கும் நீ. மேயரை வழியில் பார்த்தால், “நீ சௌக்கியமா இருக்கியா அப்பா?” கெச்சுவாவில் நீ ஒன்றுதான். மரியாதை அந்த அப்பாவில் இருக்கிறது. அவள் மனமறிந்து யாரையும் குறைத்துப் பேசியவள் இல்லை. ஆனால் கேட்கிறவனுக்கு அது தெரிய வேண்டுமே.

மாயுபம்பா அணிக்குத் தலைவர் ரோமுலோ வெலார்தே. மருந்துக்கடைக்காரர். நல்ல முன்வரிசை ஆட்டக்காரர், ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டு வருஷம் முன்பு ஓர் ஆட்டத்தில் அவர் எதற்கோ வாதாட வந்தபோது, பசிலியா தனக்குத் தெரிந்த ஸ்பானிஷையெல்லாம் திரட்டிச் சொன்னாள்: “நீ வாயை மூடு. நீ பின்னாடி போ. நீ தொடாதே.” கோட்டோரம் நின்ற கூட்டம் சிரித்துவிட்டது. ரோமுலோ மைதானத்தைவிட்டு நடந்தார், அணி மொத்தமும் பின்னால் நடந்தது. அன்று மாலையே ஆட்டச் சங்கம் கூடி முடிவு செய்தது: பசிலியா மலையூர் ஆட்டங்களுக்கு மட்டும் ஊதட்டும்.

சங்கத் தலைவர் அர்னுல்போ, ஓய்வு பெற்ற வாத்தியார். பாவம், நல்ல மனுஷர். அவரே வந்து சொன்னார்: “விதியெல்லாம் உனக்கு நல்லாத் தெரியுது பசிலியா. ஆனா நீ ஆளுங்கள ‘நீ’ன்னு சொல்ற வரைக்கும் உன் விசில் இவங்க காதுல விழாது.” வாத்தியார் இதைச் சொன்னதும் ‘நீ’ போட்டுத்தான். பக்கத்தில் நின்ற இலாரியோ அதைக் கவனித்தான்.

பசிலியா வீட்டுக்கு வந்து அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: “அந்த மைதானத்துல மறுபடியும் ஊதாம நான் சாகமாட்டேண்ணே. இந்த ‘நீங்க’வ எப்படிச் சொல்லணும், சொல்லு.”

“மேல இருக்கறவங்களுக்கு ‘நீங்க’. இன்ஜினியர் என்னை நீன்னு சொல்றார், நான் அவரை நீங்கன்னு சொல்றேன்.”

“அப்ப சாமிக்கு?”

இலாரியோ ஜெபத்தை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். “சாமிக்கு... நீதான்.”

“சாமிக்கு நீ, மருந்துக்கடைக்காரனுக்கு நீங்களா! நல்லா இருக்குண்ணே இவனுங்க மரியாதை.”

இப்படித் திட்டிக்கொண்டேதான் அவள் கற்றுக்கொண்டாள். பாலாடைக்கட்டி விற்கும் சந்தை மூலையில் உட்கார்ந்து, காதை மட்டும் தெருவில் விட்டாள். யார் யாருக்கு எதைக் கொடுக்கிறார்கள், யார் திருப்பி எதைக் கொடுக்கிறார்கள். இரண்டு வக்கீல்கள் ஒருவரையொருவர் நீங்கள் என்கிறார்கள். சண்டை வந்ததும் நீ என்கிறார்கள். புருஷன் பெண்டாட்டி நீ என்கிறார்கள். சண்டை வந்ததும் நீங்கள் என்கிறார்கள். “ஒரு வழிக்கு வரமாட்டானுங்க போல,” என்றாள் அண்ணனிடம்.

நீங்கள் என்றால் வினைச்சொல்லையும் மாற்ற வேண்டும். அதுவும் எப்படி? எதிரே இல்லாத மூன்றாவது ஆளுக்குப் போடுகிற வினையைப் போட வேண்டும். அதைக் கேட்டபோது அவள் தக்ளியையே நிறுத்திவிட்டாள். “எதுக்க நிக்கிறவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே, அவன் ஊருக்குப் போயிட்ட மாதிரி பேசணுமா?” என்னை, உன்னை, அதை என்கிற குட்டிச் சொற்கள் வேறு. ஏவினால் வினையின் வாலில் தொங்கும், வேண்டாம் என்றால் ஓடிவந்து வினைக்கு முன்னால் நிற்கும். அதில் அவளுக்கு அதிகச் சிரமம் இருக்கவில்லை. “நம்ம நாய் மாதிரியேதான் இருக்கு. ‘போ’ன்னா பின்னால வருது. ‘வராதே’ன்னா முன்னால ஓடுது.”

ஒன்றை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை. ஸ்பானிஷில் நாம் என்பதும் நாங்கள் என்பதும் ஒரே சொல். “நம்ம பந்துன்னா உனக்கும் உண்டு. எங்க பந்துன்னா உனக்குக் கிடையாது. இது தெரியாம இவனுங்க இத்தனை வருஷமா எப்படி ஆட்டம் ஆடுறானுங்க?”

கற்றதைப் பழக ஆள் வேண்டும். மலையில் அவளிடம் இருந்தது நாய். “நீங்க அந்தப் பக்கம் போங்க. குட்டியக் கடிக்காதீங்க. நீங்க கொஞ்சம் உக்காருங்க.” பிறந்தது முதல் கெச்சுவாவில் வசவு வாங்கி வளர்ந்த நாய், ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று வாலை மடக்கிக்கொண்டு படுத்தது. நாய்க்குப் பிறகு கழுதை. கழுதைக்குப் பிறகு இலாரியோவின் சித்தாட்கள். அவித்த சோளமும் சூப்பும் கொண்டுபோய் வைத்து, “நீங்க இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க,” என்றபோது, கலவை குழைத்துக்கொண்டிருந்தவன் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தான். பின்னால் சுவர்தான் இருந்தது.

“என்னை நீங்கன்னு சொல்லாதடி,” என்றான் இலாரியோ. “யாரோ மாதிரி இருக்கு.”

“நடுவருக்கு அண்ணன் கிடையாது. நீங்க சூப்பக் குடிங்க.”

அன்று வேலை முடிந்து வரும் வழியில்தான் இலாரியோவுக்கு ஒன்று தோன்றியது. தான் அவளுக்குச் சொன்னது தப்பு. இவளுக்கு இந்தச் சொல் கீழேயிருந்து மேலே ஏற்ற அல்ல. எல்லாரையும் ஒரே அளவில் தள்ளி நிறுத்த. நூல் பிடிப்பது போல. தங்கை அதைத் தனக்கு முன்பே கண்டுகொண்டாள் என்பதில் அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அடுத்த ஞாயிறு கோடு போடும்போது அதையும் நாலு பேருக்குச் சொன்னான்.

மாயுபம்பாவின் ஊர்நாள் ஆகஸ்டில் வரும். அந்த வருஷம் இறுதியாட்டம் மாயுபம்பாவுக்கும் மலைமேல் வாய்யாபாதாவுக்கும். பரிசு ஒரு காளை. கொம்பில் நாடா கட்டி வேலியோரம் நிறுத்தியிருந்தார்கள். மாகாணத்திலிருந்து வர வேண்டிய நடுவர் வரவில்லை, சாலையில் மறியல். வாத்தியக்காரர்கள் தெரிந்த பாட்டையெல்லாம் வாசித்து முடித்து மறுபடி முதல் பாட்டுக்கு வந்தார்கள். அர்னுல்போ வாத்தியார் கூட்டத்தில் தேடிக்கொண்டு வந்தார்.

“பசிலியா, பூட்ஸ் போட்டிருக்கியா?”

“எப்பக் கழட்டினேன்?”

ரோமுலோ ஓடி வந்தார். “இவளா? வாத்தியாரே, இவ வாயத் தொறந்தா...”

“இப்பல்லாம் ஒழுங்காப் பேசுறா. இல்லாட்டி ஆட்டத்த அடுத்த வாரத்துக்குத் தள்ளணும், அதுவரைக்கும் காளைக்கு யார் புல்லு போடறது?” என்றார் வாத்தியார். பிறகு பசிலியாவைத் தனியே அழைத்துப்போனார். இலாரியோ சுண்ணாம்புத் தகரத்தோடு பின்னாலேயே போனான். “கேட்டுக்க. ஆட்டம் நல்லபடியா முடிஞ்சா, சங்கத்து நடுவர்ங்கள்ல நீயும் ஒருத்தி. நடுவுல கலைஞ்சா, ஊர் ஆட்டமும் கிடையாது, மலை ஆட்டமும் கிடையாது. என் கையில ஒண்ணும் இருக்காது. அப்புறம், பந்து மேல உக்கார்ற வேலையெல்லாம் இங்க வேண்டாம்.”

அது அவளுடைய மலைப் பழக்கம். அடிதடி மூண்டால் பந்தைத் தரையில் வைப்பாள், மூன்று பாவாடையையும் விரித்து அதன்மேல் உட்காருவாள், தக்ளியை எடுத்து நூற்பாள். எல்லாரும் கத்தி ஓய்ந்த பிறகு எழுந்திருப்பாள். பாவாடைக்கு அடியில் கைவிட்டுப் பந்தை எடுக்கிற ஆண்பிள்ளை இந்தப் பக்கத்தில் எங்கேயும் கிடையாது.

“சரி வாத்தியாரே,” என்றாள். நடுப்புள்ளியில் மண்தாய்க்குப் படையலாகக் கொஞ்சம் சோளக்கள் ஊற்றிவிட்டு விசிலை ஊதினாள்.

ஆகஸ்ட் காற்று. பந்து ஒரு பக்கம், புழுதி ஒரு பக்கம். ஆனால் சொல் ஒன்றுகூடப் பிசகவில்லை. “நீங்க தள்ளி நில்லுங்க. நீங்க எழுந்திருங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகல. இதை எங்கிட்ட சொல்லாதீங்க, காத்துகிட்ட சொல்லுங்க.” இரண்டு அணிக்கும் ஒரே நீங்கள். கோட்டோரத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“பாத்தியாடி, கலெக்டராட்டம் பேசுறா!”

“யாருகிட்டக் கத்துக்கிட்டாளாம்?”

“நாய்கிட்டயாம்.”

ஆளுக்கொரு கோல். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம். அப்போது வாய்யாபாதாவின் தடுப்பாட்டக்காரன் ஒருவனை ரோமுலோ பின்னாலிருந்து உதைத்துச் சாய்த்தார். உதை எலும்பில் பட்ட சத்தம் இலாரியோ நின்ற இடம் வரை கேட்டது. பசிலியாவின் கை தொப்பிக்குப் போனது, வலப்பக்கத்துக்கு.

“நீங்க வெளிய போங்க.”

“நீ என்னை அனுப்பறியா?” ரோமுலோ நெஞ்சு முட்ட வந்து நின்றார். “ஆட்டுக்காரி! போய் உன் ஆட்டை அனுப்பு. எங்க, இன்னொரு தடவ சொல்லு பாப்போம். சொல்லு!”

இரண்டு பக்கத்துக் கூட்டமும் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. யாரோ யாரையோ தள்ளினார்கள். தங்கையின் உதடு அசைவதை இலாரியோ பார்த்தான், சத்தம் வரவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. கஷ்டப்பட்டுச் சேர்த்த நீங்கள் எல்லாம் ஓடிவிட்டன. நாக்கு நுனியில் நிற்பது அந்தக் கூஸ்கோ வீட்டு ஸ்பானிஷ். நீ வாயை மூடு, நீ பின்னாடி போ. ஒன்று வெளியே விழுந்தால் போதும், மாயுபம்பா அணி மறுபடி நடையைக் கட்டும், இந்த முறை நியாயத்தோடு. விசில் போய்விடும். உள்ளே ஓடலாமா என்று ஒரு காலை எடுத்து வைத்தவன் நின்றுவிட்டான். ஈரச் சுவரைக் கைவைத்துத் தாங்கக்கூடாது என்பது கொத்தனாருக்குத் தெரியும்.

பசிலியா வாயை மூடிக்கொண்டாள். பந்தைத் தரையில் வைத்தாள். பாவாடைகளை விரித்தாள். உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து தக்ளியை உருவி, ஒரு சுழற்று சுழற்றினாள்.

வாத்தியார் மூச்சிரைக்க ஓடி வந்தார். “பசிலியா! என்ன சொன்னேன் நான்?”

அவள் நிமிர்ந்து அவரை மட்டும் பார்த்தாள். ஸ்பானிஷ் திரும்பி வந்திருந்தது, ஒரு பிசகும் இல்லாமல். “அவர் வெளிய போனதும் எந்திரிக்கிறேன் வாத்தியாரே. அவரு அவசரப்பட வேண்டாம். எங்கிட்டக் கம்பளி நிறைய இருக்கு.”

“வேற பந்து கொண்டாங்கடா!” என்று ஒருவன் கத்தினான்.

“பந்து இருக்கு. விசிலு?” என்றான் இன்னொருவன். விசில் அவள் கழுத்தில் தொங்கியது.

காற்று அடித்தது. நூல் நீண்டது. காளை படுத்துவிட்டது. வாத்தியக்காரர்கள் பெரிய முரசின்மேல் சோளத்தைக் கொட்டிவைத்துத் தின்ன ஆரம்பித்தார்கள். ரோமுலோ இடுப்பில் கைவைத்து நின்றார். நிற்கிறவரைவிட உட்கார்ந்திருக்கிறவளுக்கு அலுப்புக் குறைவு. அது எல்லாருக்கும் தெரிந்தது. கடைசியில் கோட்டோரம் பன்றி வறுவல் விற்றுக்கொண்டிருந்த அவருடைய மாமியாரின் குரல் வந்தது.

“மாப்ள! வறுவல் ஆறுது, ஒருத்தரும் வாங்க வரமாட்டேங்கறாங்க! உங்களுக்குக் காளை வேணுமா வேணாமா? பத்து பேரா நின்னு ஜெயிக்கத் தெரியாதா இவனுங்களுக்கு? வெளிய வந்து இந்த அடுப்பையாவது ஊதுங்களேன்!”

முதலில் சிரித்தது மாயுபம்பாக் கூட்டம்தான். ரோமுலோ அணித்தலைவரின் கைப்பட்டியைக் கழற்றி இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு நடந்தார். போகிற வழியில் ஓரக் கோட்டை மிதித்துவிட்டுப் போனார். இலாரியோ உடனே குனிந்து அந்த இடத்தில் சுண்ணாம்பு போட்டான். பசிலியா எழுந்து, பாவாடையை உதறி, உதை விழுந்த அதே இடத்தில் பந்தை வைத்தாள்.

பத்துப் பேரோடு மாயுபம்பாதான் வென்றது, கடைசி நேரத்து ஒரு கோலில். வாய்யாபாதாக்காரர்கள் காற்றைத் திட்டினார்கள், ஆற்றுப்பக்கச் சரிவைத் திட்டினார்கள். நடுவரை யாரும் திட்டவில்லை. காளையை இழுத்துக்கொண்டு ஊர்வலம் கிளம்பியபோது, மேல்சட்டை மாட்டிக்கொண்டு ரோமுலோ அவளைக் கடந்து போனார்.

“என்ன, பந்து குஞ்சு பொரிச்சுதா?”

“இல்ல. நீங்க இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தா பொரிச்சிருக்கும்.”

சிரிக்கக்கூடாது என்றுதான் அவர் பார்த்தார். முடியவில்லை.

மலையூர் ஆட்டங்களுக்கு முடிவெழுதிக் கையெழுத்துப் போடும் தாள் கிடையாது. இங்கே உண்டு. நடுவட்டத்தில் நின்று இரண்டு அணியிலிருந்தும் கையெழுத்து வாங்கிய பிறகு, வாத்தியார் பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்தார். பசிலியாவின் அடையாள அட்டையில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் ரேகை இருப்பது ஊருக்கே தெரிந்ததுதான்.

“பேனா கொடுங்க,” என்றாள்.

வாத்தியார் மைப்பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மூடினார். தாள் காற்றில் படபடத்தது. மேசை இல்லை. இலாரியோ திரும்பி நின்று, முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தான். கம்பளிச் சட்டைக்கு மேல் தாள் வந்து படிந்தது. பிறகு பேனா முனை. முதலில் ஒரு நேர்கோடு, அதன்மேல் இரண்டு வயிறு: ‘B’. எப்போது பழகினாள், யாரிடம் பழகினாள், அவனுக்குத் தெரியாது. எழுத்து எழுத்தாக முதுகில் நகர்ந்தது. மூச்சு விட்டால் கோடு வளையும் என்று அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். பெயர் முடிந்து குடும்பப் பெயர் தொடங்கியது, அவனுக்கும் உரிய அதே பெயர். கடைசி எழுத்தான ‘i’யின் தலைப்புள்ளியை அவள் ஆணி அறைவது போல அழுத்தி வைத்தாள்.

“தேதியும் போடுங்க, பசிலியா,” என்றார் வாத்தியார்.

இலாரியோ நிமிரவில்லை. அவள் போட்டாள்: 13 ஆகஸ்ட் 2017.